முப்பத்தைந்து நாள் கணக்கு

முட்டையை உடைத்து வெளியே வரும் காடைக் குஞ்சின் எடை 7 கிராம். முப்பத்தைந்தாவது நாளில் அது 180 முதல் 200 கிராம் வரை எடை கூடி, கறிக்குத் தயாராகிவிடுகிறது. விற்காமல் வைத்திருந்தால் அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் பெட்டை முட்டையிடவே தொடங்கிவிடும். நாட்டுக்கோழி முதல் முட்டையிட ஐந்தாறு மாதம் ஆகும். அந்தக் காலத்துக்குள் காடையில் கிட்டத்தட்ட மூன்று தலைமுறை பார்த்துவிடலாம்.

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், ஆந்திர எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஊர் திருத்தணி. 365 படி ஏறினால் முருகன். அவன் கொடியில் சேவல், வாகனம் மயில். பறவையியல் வகைப்பாட்டில் அந்தச் சேவலும் மயிலும் காடையும் ‘ஃபேசியானிடே’ என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உறவுக்காரர்கள் இருவருக்கு மலைமேல் இடம் கிடைத்துவிட்டது. மூன்றாமவர் கீழே, சாலையோரக் கடைகளில் மிளகாய்த்தூள் பூசிக்கொண்டு எண்ணெய்ச் சட்டிக்குக் காத்திருக்கிறார். எல்லைக்கு அந்தப்பக்கம் நகரி, புத்தூரில் ‘கௌஜு பிட்ட’ என்று கேட்டாலும் இதுதான் தட்டுக்கு வரும்.

காடைப் பண்ணை வைக்கலாமா என்று விசாரிக்கிறவர்களிடம் எல்லோரும் இதன் வேகத்தைத்தான் சொல்கிறார்கள். இடம் குறைவு, முதல் குறைவு, ஐந்து வாரத்தில் கையில் காசு. இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஒரு கோழி நிற்கும் இடத்தில் எட்டுப் பத்துக் காடைகள் நிற்கும். ஆனால் அந்த வேகம் வளர்ப்பவரிடமிருந்து பதிலுக்கு என்ன கேட்கிறது என்பதை யாரும் விவரமாகச் சொல்வதில்லை. திருத்தணி போன்ற வெயில் ஊரில் அது கேட்பது கொஞ்சம் அதிகம்.

நம் ஊர்க் காட்டிலும் மேட்டிலும் ஓடித் திரியும் காடைகள் வேறு. அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வலை வைத்துப் பிடிப்பது குற்றம். பண்ணையில் வளர்வது ஜப்பானியக் காடை. ஜப்பானில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் கூண்டில் வளர்த்தார்கள், கறிக்காக அல்ல, அதன் கூவலைக் கேட்க. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முட்டைக்கென்று தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தப் பண்ணைகள் ஏறக்குறைய அழிந்துபோக, எஞ்சிய சில பறவைகளிலிருந்து மறுபடி பெருக்க வேண்டியதாயிற்று. இன்று அங்கே ஐச்சி மாகாணத்தின் டொயோஹாஷி நகர்தான் காடை முட்டைக்குப் பேர்போனது.

இந்தியாவுக்கு இது 1974-ல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. வந்திறங்கிய இடம் உத்தரப் பிரதேசத்தின் இஜ்ஜத்நகர், இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். 1979-ல் அதே வளாகத்தில் மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிறுவனம் உருவாகி, பணி அங்கே தொடர்ந்தது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம், நாமக்கல் என்ற பெயர்களில் நம் தட்பவெப்பத்துக்குத் தக்க இரகங்களை உருவாக்கியது. இடையில் ஒரு சட்டக் குழப்பமும் நடந்தது. காடை என்றாலே காட்டுப்பறவைதான் என்ற கணக்கில், 2011-ல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் புதுப் பண்ணைகளுக்கு உரிமம் கூடாது என்றது. நாற்பது ஆண்டாகக் கூண்டில் பிறந்து கூண்டில் வளரும் பறவைக்கும் கரிசல் காட்டில் பறப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒப்புக்கொண்டு ஜப்பானியக் காடைக்கு விலக்குக் கொடுக்க 2013 டிசம்பர் வரை ஆயிற்று.

முட்டையிலிருந்து தொடங்குவோம். காடை முட்டை பொரிய 17, 18 நாட்கள் போதும், கோழிக்கு 21. பண்ணைக் காடை அடைகாப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக முட்டை எண்ணிக்கைக்காகவே தேர்ந்தெடுத்ததில் அடைக்குப் படுக்கும் குணம் உதிர்ந்துவிட்டது. அடைக்குப் படுக்கும் பெட்டை முட்டையிடுவதை நிறுத்திவிடும். அப்படிப்பட்டதை எந்தப் பண்ணையாளர் வைத்துக்கொள்வார்? எனவே இன்குபேட்டர் இல்லாமல் இந்தப் பறவைக்கு அடுத்த தலைமுறை இல்லை.

அந்த இன்குபேட்டருக்குள் கடைசி நாளில் நடப்பது காடையின் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அருகருகே கிடக்கும் முட்டைகளுக்குள் இருக்கும் குஞ்சுகள் ஒன்றோடொன்று ‘பேசிக்கொள்கின்றன’. நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கியதும் குஞ்சிடமிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சொடுக்கொலி வரும். ஓட்டோடு ஓடு ஒட்டியிருக்கும் பக்கத்து முட்டைக்கு அது அதிர்வாகப் போய்ச் சேரும். கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் 1960-களில் இதை ஆராய்ந்தார். பிந்தி வளரும் குஞ்சு, முந்திய குஞ்சின் ஒலியைக் கேட்டுத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. விளைவாக, தொட்டுக்கொண்டிருந்த முட்டைகள் எல்லாம் சில மணி நேர இடைவெளிக்குள் பொரிந்துவிடுகின்றன. பிரித்துப் பிரித்து வைத்தால் இந்த ஒற்றுமை குலைகிறது. தரையில் கூடு கட்டும் பறவைக்கு இது உயிர்ப் பிரச்சினை. முந்திப் பிறந்தவை ஓடத் தொடங்கியதும் தாய் அவற்றோடு கிளம்பிவிடும், பிந்தியது நரிக்கும் கீரிக்கும் மிஞ்சும். நரி இல்லாத இன்குபேட்டருக்குள்ளும் குஞ்சுகள் அந்தப் பழைய எச்சரிக்கையை விடவில்லை.

இந்த முட்டை விண்வெளிக்கும் போயிருக்கிறது. பூமிக்கு வெளியே பொரிந்த முதல் பறவை ஜப்பானியக் காடைதான்: 1990 மார்ச் 22, ‘மிர்’ விண்வெளி நிலையம். சிறியது, சீக்கிரம் பொரிவது, இடம் அதிகம் கேட்காதது என்று பண்ணைக்காரர் சொல்லும் அதே காரணங்களுக்காகத்தான் விஞ்ஞானிகளும் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். எடையற்ற நிலையில் கால் ஊன்ற முடியாமல் குஞ்சுகள் தவித்தன. தாமாக இரையெடுக்க அவற்றால் முடியவில்லை.

பூமியில் பிறந்த குஞ்சுக்கும் முதல் வாரம் பத்திரமானதல்ல. ஏழு கிராம் உடம்பில் சூடு உண்டாக்கும் தசை கொஞ்சம். சூடு வெளியேறும் தோல்பரப்பு எடையோடு ஒப்பிட்டால் மிக அதிகம். அதனால் முதல் வாரம் புரூடருக்குள், அதாவது பல்பு எரியும் குஞ்சுக் கூண்டுக்குள், 35 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வந்து, மூன்றாம் வாரத்துக்கு மேல் நிறுத்திவிடலாம். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர். சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு. பரவலாகச் சிதறிக் கிடந்தால் சரி. தையில் திருத்தணியின் பின்னிரவுக்குப் பல்பு கட்டாயம். சித்திரை, வைகாசிப் பகலில் கொட்டகைக்குள்ளேயே 38, 40 டிகிரி இருக்கும்போது அதே பல்பை எரியவிட்டால் குஞ்சு வெந்துபோகும். வேறு ஊரில் எழுதிய அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து அப்படியே நடப்பவர்கள் கோடையில் முதல் பேட்சைப் பறிகொடுப்பது இப்படித்தான்.

சின்னச் சின்ன விஷயங்கள் இங்கே உயிரைக் காக்கும், எடுக்கும். தண்ணீர்த் தட்டில் விரல்கணு ஆழம் இருந்தாலும் குஞ்சு மூழ்கிவிடும். அதற்குக் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ போட்டு வைக்க வேண்டும். உமியின்மேல் வழவழப்பான செய்தித்தாளை விரித்தால் கால் சறுக்கி இரண்டு பக்கமும் விரிந்து, நிரந்தரமாகவே ஊனமாகிவிடும். சொரசொரப்பான சாக்கு நல்லது. கறிக்கோழித் தீவனத்தை அப்படியே கொட்டக் கூடாது. அதில் புரதம் 22, 23 சதவீதம். காடைக் குஞ்சுக்கு 24-க்கு மேல், 27 வரை வேண்டும். குருணையும் இந்த அலகுக்குப் பெரிது, அரைத்துத்தான் போட வேண்டும். கூண்டின் கூரை உயரமும் கவனிக்க வேண்டியது. பயந்தால் காடை ஓடாது, நேர்மேலே பாயும். புல்லுக்குள் பதுங்கி வாழ்ந்த காலத்துப் பழக்கம். ஓர் அடி, ஒன்றரை அடி உயரக் கூண்டில் அதற்கு வேகமெடுக்க இடம் கிடைத்து மண்டை உடைகிறது. முக்கால் அடியானால் எழும்புவதற்குள் கம்பி தடுத்துவிடும்.

தீவனக் கணக்கில் ஓர் உண்மையை விளம்பரங்கள் ஒளித்துவிடுகின்றன. ஐந்து வாரத்தில் ஒரு காடை சுமார் அரை கிலோ தீவனம் தின்கிறது. 200 கிராம் உடம்புக்கு அரை கிலோ என்றால் ஒரு கிலோ எடைக்கு இரண்டரைக் கிலோ. இன்றைய கறிக்கோழி ஒரு கிலோ எடைக்கு ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கிலோவில் முடித்துக்கொள்கிறது. தீவனத்தைக் கறியாக்குவதில் காடை கோழியிடம் தோற்கிறது, கொஞ்சநஞ்சமாக அல்ல. காரணம் மறுபடி அந்தச் சிறிய உடம்புதான்: எடைக்கு எடை அதிகமாக எரிகிறது, தின்றதில் பெரும்பங்கை 41, 42 டிகிரி உடல்வெப்பத்தைக் காக்கவே செலவழிக்கிறது. காடையில் இலாபம் வருவதற்குக் காரணம் கறி கிலோக் கணக்கில் விற்காமல் பறவை ஒன்றுக்கு இவ்வளவு என்று விற்பதும், ஆண்டுக்குப் பல பேட்ச் எடுக்க முடிவதும்தான். ஐந்து வாரத்தைத் தாண்டியதும் எடை ஏற்றம் மந்தமாகிவிடும். தீனி மட்டும் தினம் 20, 25 கிராம் நிற்காமல் ஓடும். ஆயிரம் காடையை ஒரு வாரம் கூடுதலாக வைத்திருந்தால் 150 கிலோ தீவனம் வீண்.

இனி முட்டைக் காடை. இங்கே எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது வெளிச்சம். காட்டு மூதாதையர் ஜப்பானிலும் வடகிழக்கு ஆசியாவிலும் கோடையில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தெற்கே இடம்பெயர்ந்தவர்கள். எப்போது இனப்பெருக்கம் செய்வது என்பதை அவர்களுக்குச் சொன்னது பகலின் நீளம். பகல் நீண்டால் விதைப்பையும் சூற்பையும் சில வாரத்தில் பல மடங்கு பெருக்கும்; குறுகினால் சுருங்கிவிடும். பறக்கும் பறவைக்குத் தேவையில்லாத காலத்தில் அந்தச் சுமை எதற்கு?

பகலின் நீளத்தைக் காடை எப்படி அளக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்த கதை நீளமானது. கண்ணால் அல்ல என்பது முதல் வியப்பு. ஃபிரான்சில் ஜாக் பெனுவா 1930-களிலேயே வாத்துகளிடம் இதைக் காட்டியிருந்தார்: கண் மறைக்கப்பட்டாலும் மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் ஊடுருவும் ஒளியே போதும். காடையில் அந்த ஒளியைப் பிடிக்கும் புரதங்களில் ஒன்று, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஆப்சின் 5, 2010-ல்தான் பிடிபட்டது. அடுத்த வியப்பு, மொத்தம் எத்தனை மணி நேரம் வெளிச்சம் என்பதை மூளை கூட்டிப் பார்ப்பதில்லை. விடிந்து சுமார் 12 மணி நேரத்துக்குப் பிறகு ஒரு சாளரம் திறக்கிறது. அந்த நேரத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. பிரயன் ஃபோலெட் குழு 1969-ல் இரவு நடுவில் சற்று நேரம் மட்டும் விளக்கைப் போட்டு, குட்டைப் பகலை நெட்டைப் பகலாகக் காடையை நம்பவைத்தது. 2008-ல் நகோயாப் பல்கலைக்கழகத்தின் தகாஷி யோஷிமுரா குழு இன்னும் உள்ளே போனது. முதல் நீண்ட பகல் அன்றே, விடிந்து 14 மணி நேரம் ஆனதும், பிட்யூட்டரியின் ஓரத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் சுரக்கிறது. அது தைராய்டு சுரப்பிக்குப் போகாமல் மூளைக்கே திரும்பி, அங்கே ஒரு நொதியை எழுப்புகிறது. அந்த நொதி தைராய்டு ஹார்மோனை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்ற, இனப்பெருக்க ஹார்மோன்கள் கிளம்புகின்றன. எல்லாம் ஒரே ஒரு நீண்ட நாளில்.

இப்போது திருத்தணிக்கு வருவோம். வட அட்சம் 13 டிகிரியை ஒட்டிய ஊர். மார்கழியில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். ஆனி மாதத்தின் மிக நீண்ட பகலும் 13 மணியைத் தொடாது. முட்டைக் காடைக்குத் தேவை 14 முதல் 16 மணி நேரம். ஜப்பானின் கோடை அதைத் தானாகவே கொடுக்கும். நம் வானத்தால் ஆண்டின் எந்த நாளிலும் கொடுக்க முடியாது. சூரியனை மட்டும் நம்பினால் முட்டைக்கு வருவது தள்ளிப்போகும், வந்தாலும் சீராக இராது. பல்பு இங்கே ஆண்டு முழுக்கத் தேவை. வெளிச்சம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நேரம்தான் தவறக் கூடாது. மின்வெட்டு வந்த மாலையில் அணைந்தது பல்பு மட்டுமில்லை, மேலே சொன்ன சாளரமும்தான். மின்சாரம் வந்தபின் அதை ஈடுகட்டலாம் என்று இரவு முழுக்க எரியவிடுவது இன்னும் குழப்பும்.

கூடுதல் வெளிச்சத்தை மாலையில் சேர்ப்பதா, விடியற்காலையில் சேர்ப்பதா? கோடையில் நான் விடியற்காலையைத்தான் சொல்வேன். மூன்றரை, நான்கு மணிக்கு விளக்கைப் போட்டால் காடை குளிர்ந்த நேரத்தில் தின்று முடித்துவிடும். தீனி செரிப்பதே உடம்புக்குள் சூடு. அந்தச் சூடும் மத்தியான வெயிலும் சேரக் கூடாது.

வெயில் என்றால் என்ன என்பது திருத்தணிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று வானிலை மையம் வெளியிடும் பட்டியலில் வேலூரோடு இந்த ஊரும் வழக்கமாக இருக்கும். சென்னையைத் தணிக்கும் கடற்காற்று இவ்வளவு உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், சில நாள் வருவதே இல்லை. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல்வெப்பமும் வெளிக்காற்றும் ஏறக்குறைய சமமாகிவிட்ட மத்தியானத்தில், காற்று வீசினாலும் சூடு இறங்காது. மிச்சமிருக்கும் ஒரே வழி வாயைத் திறந்து வேகமாக மூச்சிரைத்து, உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்குவது.

அந்த மூச்சிரைப்பு முட்டை ஓட்டைத் தின்கிறது. ஓடு கால்சியம் கார்பனேட். கால்சியம் தீவனத்திலிருந்தும் எலும்பிலிருந்தும் வருகிறது. கார்பனேட் பங்கு இரத்தத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயுவிலிருந்து. இரைக்க இரைக்கக் கரியமில வாயு வெளியே போய்விடுகிறது, இரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது, ஓட்டுக்குக் கிடைக்க வேண்டிய மூலப்பொருள் குறைகிறது. வெயிலில் தீனியும் குறைவதால் கால்சியமும் போதிய அளவு கிடைப்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் ‘ஓடு மெலிசா வருது, தொட்டாலே உடையுது’ என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த வேதியியல். கிளிஞ்சல் தூளைக் கூட்டினால் மட்டும் சரியாகாது. கூரைமேல் தென்னங்கீற்றோ வைக்கோலோ போட்டு நனைப்பது, பக்கவாட்டில் ஈரச்சாக்கு, குளிர்ந்த தண்ணீர், கூண்டில் நெருக்கடியைக் குறைப்பது ஆகியவைதான் முதலில். நம் மே மாத மத்தியானம் உலர்ந்த வெயில் என்பதால் ஈரச்சாக்கு நன்றாக வேலை செய்யும். மழைக்கு முந்தைய புழுக்க நாளில் அதே சாக்கு கொட்டகையை இன்னும் மூச்சடைக்க வைக்கும். அன்று மின்விசிறியை மட்டும் ஓடவிட வேண்டும்.

கோழி காலையில் இடும், காடை பெரும்பாலும் சாயங்காலம் இடும். எனவே இருட்டியதும் முட்டையைப் பொறுக்கிவிட வேண்டும். குஞ்சு பொரிக்க வைத்திருக்கும் முட்டைக்கு இது இன்னும் முக்கியம். கரு வளரத் தொடங்க 37 டிகிரி வேண்டியதில்லை. 25-ஐத் தாண்டினாலே அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு செத்துவிடும். திருத்தணிக் கோடையில் அறை வெப்பமே அதற்கு மேல். கூடையில் நான்கைந்து நாள் சேர்த்துவைத்து இன்குபேட்டரில் அடுக்கும் முட்டை பொரியாமல் போனால், இன்குபேட்டர்மேல் பழி போடுவதற்கு முன் கூடை எங்கே இருந்தது என்று பார்க்கலாம்.

அந்த முட்டையின் புள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடு உருவாகிக் கடைசி சில மணி நேரத்தில்தான் நிறமி படிகிறது. ஒவ்வொரு பெட்டைக்கும் தனக்கென்று ஒரு புள்ளிக்கோலம் உண்டு. வாழ்நாள் முழுக்க அது அதிகம் மாறுவதில்லை. 2013-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் பல நிறத் தரைகளை வைத்துப் பார்த்தார்கள். தன் முட்டை எந்தத் தரையில் மறையுமோ அந்தத் தரையையே பெட்டைகள் தேர்ந்தெடுத்தன. கம்பிக் கூண்டில் அதற்கு வாய்ப்பே இல்லை என்பது வேறு.

பெட்டை ஆண்டுக்கு 250 முதல் 300 முட்டை இடும். ஒரு முட்டை 10, 11 கிராம். ஆக, தன் எடையைப்போல பன்னிரண்டு மடங்குக்குக் குறையாத முட்டையை ஓராண்டில் இட்டு முடிக்கிறது. அந்த உழைப்பில் எட்டுப் பத்து மாதத்திலேயே ஓய்ந்துபோகிறது.

முட்டையின் மருத்துவ மகிமை பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. ஆயிரம் கோழிக்கு அரைக்காடை ஈடு என்று கடைப்பலகையில் எழுதலாம், ஆய்வகத்தில் எழுத முடியாது. எடைக்கு எடை பார்த்தால் கோழி முட்டையைப் போலவே 13 சதவீதம் அளவுக்குப் புரதம். மஞ்சள்கருவின் பங்கு கொஞ்சம் கூடுதல் என்பதால் இரும்பும் பி12-ம் சற்று அதிகம், கொழுப்பும்தான். ஒரு கோழி முட்டைக்கு ஐந்து காடை முட்டை சமம். ஒன்றே ஒன்றைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுச் சத்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தால் சேர்ந்தது ஒரு கிராம் சொச்சம் புரதம். கோழி முட்டை ஒவ்வாத பிள்ளைக்குக் காடை முட்டை ஒத்துக்கொள்ளும் என்ற பேச்சுதான் ஆபத்தானது. இரண்டின் புரதங்களும் மிக நெருங்கியவை. மருத்துவரைக் கேட்காமல் சோதித்துப் பார்க்கக் கூடாது.

பண்ணை நன்றாக நடந்தால் ‘குஞ்சை ஏன் விலைக்கு வாங்க வேண்டும், நாமே பொரிக்கலாமே’ என்ற எண்ணம் வரும். மூன்றாம் வாரத்திலேயே ஆண், பெண் தெரிந்துவிடும்: ஆணுக்கு நெஞ்சு செம்பழுப்பாக ஒரே நிறம், பெண்ணுக்குக் கரும்புள்ளிகள். பருவம் வந்த ஆணின் மலத்துவாரத்துக்கு மேல் ஒரு வீக்கம் இருக்கும். அழுத்தினால் வெள்ளை நுரை வரும். நோய் என்று பயப்பட வேண்டாம், விந்தணுவுக்குத் துணை செய்யும் நுரை அது. இரண்டு மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் போதும். இதுவரை எல்லாம் எளிது. சிக்கல் உறவில் வருகிறது. இரத்த உறவுக்குள் இனச்சேர்க்கையைக் கோழியைவிடக் காடை குறைவாகவே தாங்கும். உடன்பிறந்தவற்றையே இணைத்துக்கொண்டு போன ஆய்வுகளில் மூன்று, நான்கு தலைமுறைக்குள் பல வம்சங்கள் அற்றுப்போயின. மூன்று தலைமுறை என்பது காடையில் ஆறேழு மாதம். முதல் ஈட்டில் நன்றாகப் பொரித்தது இரண்டாம் ஈட்டில் குறைகிறது, மூன்றாம் ஈட்டில் குஞ்சு நோஞ்சானாக வருகிறது. பத்துப் பதினைந்து ஜோடி வைத்துக்கொண்டு தொடங்குகிறவர் அவ்வப்போது வேறிடத்து ஆண்களைக் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

காடைக்கு நோயே வராது என்பதும் விளம்பரம்தான். கோழிக்குப் போடும் தடுப்பூசிகளை இதற்கு வழக்கமாகப் போடுவதில்லை என்பது உண்மை. ஆனால் குடற்புண் நோய் ஒன்று காடையின் பெயராலேயே அறியப்படும் அளவுக்கு இதைத் தாக்கும். பறவைக் காய்ச்சலுக்கும் இது தப்பாது. காடையின் மூச்சுக்குழாயில் பறவை வைரசுகள் ஒட்டும் இடமும் உண்டு, மனித வைரசுகள் ஒட்டும் இடமும் உண்டு. ஹாங்காங் 2002-லேயே உயிர்க்கோழிச் சந்தைகளிலிருந்து காடையை வெளியேற்றியது. ஒரே கொட்டகையில் கீழே வாத்து, நடுவில் கோழி, மேலே காடை என்று அடுக்குவதை ஒருங்கிணைந்த பண்ணையம் என்று பாராட்ட என்னால் முடியவில்லை.

எல்லையோர ஊருக்கு இதில் இன்னொரு பங்கு. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்திலும் 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் பறவைக் காய்ச்சல் வந்தபோது, ஆந்திராவிலிருந்து வரும் கோழி வண்டிகள்மேல் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடிகளின் கண் விழுந்தது. குஞ்சு அந்தப்பக்கம், கொட்டகை இந்தப்பக்கம் என்று இருப்பவருக்கு அந்த நாட்கள் சங்கடம். மாட்டுக்காரர் ஒரு வாரம் காத்திருக்கலாம். காடைக்கு ஒரு வாரம் என்பது அதன் வளர்ச்சிக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

திருத்தணியில் நாள்காட்டியும் ஒரு சோதனைச் சாவடிதான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும் நாட்களிலும், புரட்டாசி முழுவதிலும் இந்தப் பகுதியில் கறிக்கடைக் கூட்டம் குறைந்துவிடும். கறிக்காடைக்காரர் பின்னாலிருந்து எண்ண வேண்டும். புரட்டாசிக்கு முன் கடைசி பேட்ச் செப்டம்பர் 15-க்குள் போயாக வேண்டுமானால் குஞ்சு ஆகஸ்ட் 11-ல் பொரிய வேண்டும், அதாவது முட்டை ஜூலை 24-ல் இன்குபேட்டருக்குள் போக வேண்டும். அடுத்ததை ஆகஸ்ட் 26-ல், ஆவணி 10-ஐ ஒட்டி அடுக்கினால் செப்டம்பர் 13-ல் பொரியும். புரட்டாசி முழுக்க வளர்ந்து, ஐப்பசி முதல் நாளில் முப்பத்தைந்தாவது நாளைத் தொடும். தீபாவளிக்கு ஆர்டர் பிடிப்பவர்கள் அதற்குப் பத்து நாள் தள்ளி இன்னொரு பேட்ச் வைத்துக்கொள்கிறார்கள். முட்டைக் காடை வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. விளக்கைக் குறைத்தால் முட்டை நிற்கும், மறுபடி ஏற்ற வாரக்கணக்கில் ஆகும். அதனால் விலை விழுந்தாலும் விடியற்காலை நாலு மணிக்கு அவர் பல்பைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.